குரல் லேசா உடையுது

மாடிப்படிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

பார்க்கிற நிலையிலும் இல்லை. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. குடை தெருமுனையிலேயே காற்றுக்குத் தலைகீழாக விரிந்து, கம்பி கம்பியாகப் பிரிந்து போயிருந்தது. உச்சந்தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர். போதாக்குறைக்குக் காதோடு ஒட்டிய செல்லில் அண்ணன்.

"பார்த்தேன் பாப்பா, இன்னைக்கும் ஆரம்பிச்சாச்சு. காலையிலேயே கம்ப்ளெயின்ட். உன் பொண்ணுங்க வாய்க்குள்ளயே பேசறாங்களாம்."

"அண்ணா, நான் இன்னும் படியே ஏறலை... மேல வந்து திட்டு வாங்கிக்கறேனே..."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கால் தடுக்கி, குடையும் கைப்பையும் ஆளுமாகப் போய் விழுந்தாள்.

"ஐயோ! பார்த்து, பார்த்து! அந்த நீல ஒயரை மிதிச்சுடாதீங்க!" என்று படிக்கு அடியிலிருந்து ஒரு குரல் பதறியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விழுந்தது நான்! நீங்க ஒயரை விசாரிக்கறீங்க?"

"நீங்க எந்திரிச்சுடுவீங்க. அது அறுந்தா எந்திரிக்காதே."

கால்களைத் தொடர்ந்து ஒரு சட்டை வந்தது. அப்புறம் ஒரு முகம். தலைமுடியில் ஒட்டடை, பல்லிடுக்கில் டார்ச். டார்ச்சை எடுத்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான்... அந்தக் கண்கள்! எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறவனின் கண்கள். அவளைப் பார்த்ததும் அந்தக் கணக்கு ஒரு நொடி நின்றுபோனது போலிருந்தது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. ஒருவேளை மழைத் தண்ணீர் கண்ணில் இறங்கியதால் தோன்றியிருக்கலாம்.

"ஓ... எங்க ஆபீஸ் போனைக் கெடுத்து வெச்சிருக்கறது நீங்கதானா?" என்றாள்.

"நான் மூணாவது மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு வந்திருக்கேங்க. அவங்க போன் லைன் கெட்டா உடனே சேதி சொல்ற மாதிரி அலாரம் வைக்கறேன். எல்லா மாடிக்கும் ஒயர் இந்த ஒரே பொந்துலதான் வருது." பிறகு, பக்கத்து வீட்டுக் கல்யாணச் சேதியைக் கேட்பவனைப் போல முகம் மலரக் கேட்டான். "உங்க போன் கெட்டுப்போயிருக்கா? எப்படிக் கெட்டிருக்கு? விவரமா சொல்லுங்களேன்!"

இப்படியும் ஒரு ஜென்மமா என்று நினைத்துக்கொண்டே அவள் படியேறினாள். ஆனால் இரண்டாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் விவரம் முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள். அவன் பின்னாலேயே வந்துவிட்டான்.

விவரம் இதுதான். அண்ணனுடையது காது மெஷின் கம்பெனி. காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்கிற, கடலை அளவுக் கருவியைச் செய்து விற்கிறார்கள். வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு போன் ரூம். அதில் அவளும், அவளுக்குக் கீழே நான்கு பெண்களும். பேட்டரி மாற்றுவது, கருவி விசிலடித்தால் என்ன செய்வது, மழையில் நனைந்தால் எப்படிக் காயவைப்பது... எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பது அந்த ஐந்து பேரின் வேலை. அந்த அறையை ஒற்றை மேசையிலிருந்து வளர்த்தவள் அவள்.

இப்போது அந்த அறைக்கே ஆபத்து. 'நீங்க பேசறது புரியலை' என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். முதலில் எப்போதாவது ஒன்று. பெண்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று பார்க்க, அண்ணன் நான்கு மூலையிலும் கேமரா மாட்டினார். அதற்கப்புறம் புகார் பெருகியதே தவிரக் குறையவில்லை. கருவிதான் பழுது என்று பலர் திருப்பியே அனுப்பத் தொடங்கினார்கள். மாதக் கடைசியோடு போன் ரூமை மூடிவிட்டு, இனி எழுத்தில் மெசேஜ் அனுப்பினால் எழுத்தில் பதில் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். கண்ணும் மங்கி, கையும் நடுங்குகிற வயதில் இருப்பவர்களிடம் மெசேஜ் அனுப்பச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? இந்த நான்கு பெண்களும் எங்கே போவார்கள்?

"சாப்பாட்டு நேரத்துல வந்து பார்க்கறேன். சும்மாதான்" என்றான் அவன்.

அதை அண்ணனிடம் சொன்னபோது, "சும்மா பார்க்கறவனா? எதைச் சும்மா பார்க்கறான்?" என்று கேட்டார். அண்ணன்களுக்கென்றே ஒரு காது இருக்கிறது. அதற்கு எந்த மெஷினும் தேவைப்படுவதில்லை.

மத்தியானம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

"எல்லாம் பச்சைங்க. லைன் ஜோரா இருக்கு."

"ஜோரா இருந்தா மனுஷங்க ஏன் கத்தறாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பச்சைன்னா பச்சைதானே."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள். மறுமுனையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வாராவாரம் தவறாமல் கூப்பிடுகிறவர்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு எங்க? பேட்டரி மூடியை எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டா, 'இ...ப்ப... பு...' ங்கறா! இடப்பக்கமா வலப்பக்கமா? பஸ்ஸுல போயி கண்டக்டர் இப்படி விசில் ஊதுனா நான் வண்டியை எங்கய்யா நிறுத்துவேன்?"

ஹெட்போனைக் கழற்றிய அவன் முகத்தில் இருந்தது வெட்கம் அல்ல. சந்தோஷம்! "அடடா... உடையுதுங்க! நிஜமாவே உடையுது!"

"அதைத்தானே காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்?"

"இருங்க, சொல்றேன். நீங்க 'வணக்கம்'னு சொல்றீங்கல்ல? அது முழு வணக்கமா போகாது. பொடிப்பொடியா நறுக்கி, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு அனுப்பும். அந்தப் பக்கத்து போன் அதையெல்லாம் வரிசையா அடுக்கி மறுபடி வணக்கம் ஆக்கும். நடுவுல ஒரு துண்டு வந்து சேரலைன்னா, முன்னாடி வந்த துண்டை வெச்சே ஒப்பேத்திடும். நம்ம காதுக்குத் தெரியவே தெரியாது."

"எங்க ஆளுங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள். "காது மெஷின் சும்மா சத்தத்தைக் கூட்டித் தர்ற டப்பா இல்லைங்க. எது பேச்சு, எது இரைச்சல்னு அதுவும் உள்ள உட்கார்ந்து யோசிக்கும். உங்க போன் ஒப்பேத்தினதை அது இரைச்சல்னு நெனச்சு அமுக்கிடும். உங்களுக்கு ஒரு துண்டு போனா, எங்க ஆளுக்கு ஒரு வார்த்தையே போச்சு."

அவன் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை எனக்கு யாருமே சொன்னதில்லையே..." என்றான் மெல்ல.

காது மெஷினைப் பற்றிச் சொன்னதற்காக ஒருவன் இப்படிப் பார்ப்பான் என்று அவளுக்கும் யாரும் சொன்னதில்லை. சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பச்சைக்குக் காரணம் சராசரி. ஐந்து நிமிடத்தைச் சேர்த்து ஒரு சராசரி போட்டுத்தான் மடிக்கணினியில் இருந்த அளவுக் கருவி நிறம் காட்டும். நாலேமுக்கால் நிமிடம் நன்றாக இருந்து கால் நிமிடம் நாசமாகப் போனாலும் சராசரி சிரித்த முகமாகவே நிற்கும். பஸ் டிரைவர் மூடியைப் பற்றிக் கேட்டது அந்தக் கால் நிமிடத்தில்தான்! அவன் அளவைச் சில நொடிகளுக்குச் சுருக்கினான். பிறகு அலாரம் வைக்கத் தொடங்கினான். அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது.

"அலாரத்துக்கு ரெண்டு கோடு வேணும். இந்தக் கோட்டைத் தாண்டினா அடி. ஆனா அதைவிட நல்லா கீழே இறங்கினாத்தான் நிறுத்து. ஒரே கோடா வெச்சா என்ன ஆகும் தெரியுமா? வாசற்படியிலயே நின்னுக்கிட்டு உள்ள ஒரு கால், வெளிய ஒரு காலா ஆடற ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கற மாதிரி ஆயிடும்."

"அதாவது உங்களை மாதிரி" என்றாள் சுருட்டை. நான்கு பெண்களில் இளையவள், தலைமுடியால் பெயர் வாங்கியவள். "போறேன் போறேன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு? இன்னும் வாசல்லதான் நிக்கறீங்க, அலாரம் சார்."

அன்றிலிருந்து அவன் பெயர் அலாரம் சார் ஆனது.

அலாரம் அவனுடைய செல்லுக்கு வரும்படி வைத்தான். ஆபீஸ் லைன் படுத்துவிட்டால் அந்தச் செய்தியை ஆபீஸ் லைனே எப்படிக் கொண்டுபோகும்? அதனால் வேறு வழி. செய்தி வந்ததும் அவன் உடனே போன் ரூமுக்குக் கூப்பிடுவான். கருவி சொல்வதைக் காதும் சொல்கிறதா என்று பார்க்க. அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். காது கேட்கிறதா என்று சோதிப்பவர்கள் வழக்கமாகப் படிக்கிற குட்டிக் குட்டி வார்த்தைகள். முதலில் அவள் படிப்பாள், அவன் திருப்பிச் சொல்வான். பிறகு அவன் படிப்பான், அவள் திருப்பிச் சொல்வாள். குரல் போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று நாறிப்போயிருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

"கல்... பல்... வில்..."

"கல்... பல்... அடுத்தது வரலை. போற வழியில உடையுது. குறிச்சுக்கறேன். இப்ப நான். கண்... மண்... விண்..."

"கண்... மண்... விண். வர்ற வழி சுத்தம்."

"சரிங்க. வெச்சுடறேன்."

வைத்துவிடுவான்! மழை எப்படி, சாப்பிட்டாச்சா, ஒன்றும் கிடையாது. கண் என்று சொன்ன மனுஷன் அந்த வார்த்தையை ஒரு நொடி கூடுதலாக வைத்துக்கொண்டால் குறைந்தா போவான்? அவளுக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் ஏன் வருகிறது என்று யோசித்தால், இன்னும் எரிச்சலாக வரும்.

பழுது எப்போதும் போகிற வழியில்தான். எதனால் என்று மட்டும் பிடிபடவில்லை. திடீரென்று வரும், கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டும், போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி நல்ல மழை. பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"நான்தாங்க... அலாரம்... வந்துச்சு... பார்த்துடலாமா?"

படித்தாள். எல்லா வார்த்தையும் திருப்பிச் சொன்னான். அவன் படித்தான். ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, அவன் குரல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு போல. சரிங்க... வெச்சுடட்டுமா?"

"இருங்க..." அவள் வாய் அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது. "லேசா... உடையுது."

"எதுல?"

"கடைசி வார்த்தையில. வர்ற வழியில."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டுகிற சத்தம். அப்புறம், "கருவியில ஒண்ணுமே காட்டலையே..."

"கருவிக்கு என்ன தெரியும்?" என்றாள். இன்னும் பத்து நிமிடம் பேசுவான், அந்த வார்த்தைகளையாவது திரும்பப் படிப்பான் என்று ஆசையாகக் காதை அழுத்திக்கொண்டாள்.

டொக். வைத்துவிட்டான்.

அடுத்த நிமிடம் மூன்றாவது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான், பையோடு. அவளுக்கு வேண்டியிருந்தது குரல். கிடைத்தது, மேசைக்கு அடியில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு கிடக்கிற ஓர் ஆள். பேச்சுமூச்சில்லை!

மறுநாள் சனிக்கிழமை முழுக்க மேற்கூரைப் பலகையைக் கழற்றி கேபிள் கேபிளாகத் தேடினான். 'பொய் சொன்னேன்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஏன் சொன்னீங்க என்று கேட்டால்? என்ன பதில் சொல்வாள்?

சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கி, சட்டையெல்லாம் தூசியோடு அவள் முன்னால் நின்றான். "ஒண்ணும் கிடைக்கலை. ஆனா நீங்க உடையுதுன்னு சொன்னா உடையுதுதான். கருவியைவிட உங்க காதை நான் நம்பறேன். வர்ற வழிக்கான கோட்டை அடிமட்டத்துக்கு இறக்கிட்டேன். இனிமே ஒரே ஒரு துண்டு தவறினாக்கூட அலாரம்தான்."

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய?

திங்கட்கிழமை விடிந்தது. யாராவது தும்மினால் அலாரம். காற்றடித்தால் அலாரம். ஒரு துண்டு எங்கோ வழியில் தவறுவது எல்லா லைனிலும் நடக்கிற சங்கதி. காதுக்குத் தெரியாத அந்தத் தூசு துரும்புக்கெல்லாம் அவன் செல் அலறியது. அலறுகிறபோதெல்லாம் அவன் கூப்பிட்டான். கல், பல், வில். கண், மண், விண். நிஜமான பழுது எது, துரும்பு எது என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, இந்த மனுஷன் கூப்பிடறதுல கஸ்டமர் உள்ள வரவே வழியில்லை" என்றாள் சுருட்டை. "ஒண்ணு கட்டிக்கோங்க, இல்லை கட் பண்ணுங்க."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அண்ணன் வந்தார். நேராக அவளிடம்.

"பாப்பா, கேமராவுல பார்த்தேன். எந்தக் கஸ்டமர்கிட்ட பேசும்போது உன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா நான் அண்ணன். எனக்குப் பிடிக்கலை."

அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே வந்தான், கையில் மடிக்கணினியோடு. அண்ணன் திரும்பினார்.

"தம்பி, அலாரம்னு பேர் வெச்சுக்கிட்டு என் தங்கச்சிகிட்ட பேச என் லைனேதான் கிடைச்சுதா?"

அவன் முகம் சிவந்தது. "சார், எல்லாம்... நிஜமா வந்த அலாரம்."

"அப்படியா? இன்னைக்கு வந்ததுல எது நிஜமான பழுது? ஒண்ணைக் காட்டு."

அவன் திரையைப் பார்த்தான். அந்தக் குவியலில் எதைக் காட்டுவான்? பிறகு அவளைப் பார்த்தான். 'உங்களுக்குத் தெரியுமே, நீங்க சொல்லுங்க' என்றது அந்தப் பார்வை. ஒரு வார்த்தை போதும். அந்தக் கோட்டை இறக்க வைத்தது தன் பொய்தான் என்று ஒரே ஒரு வார்த்தை... நான்கு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து மேசையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க தம்பி. மாசக் கடைசியில இந்த ரூமே இருக்கப் போறதில்லை" என்றார் அண்ணன்.

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். போகும்போது வாசலில் நிற்கவில்லை.

அதற்கப்புறம் படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டான். ஒருநாள் அவளே நிறுத்தி, "கோபமா?" என்று கேட்டாள்.

"அலாரம்தான் இல்லையேங்க. பேச என்ன இருக்கு?"

சே! என்ன மனுஷன்! என்ன மனுஷி! தன் மேல் வந்த கோபத்தைப் பாதியாகப் பிரித்து அவன் மேலும் போட்டுக்கொண்டு அவள் படியேறினாள்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. பெண்கள் மேசையைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். பஸ் டிரைவர் கூப்பிட்டார். அவளே எடுத்தாள். கருவியை இரவில் எங்கே வைப்பது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நீயும் வாய்க்குள்ளயே பேச ஆரம்பிச்சிட்டியே கண்ணு..." என்றார் அவர். "உன் பேச்சு ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பரவாயில்லை. மெஷினையே திருப்பி அனுப்பிடறேன். வீட்ல யாரும் என்கிட்ட பேசப் போறதுமில்லை."

போனை வைத்த கையோடு செல் அடித்தது. அண்ணன். ஆபீஸுக்குள்ளிருந்துகூட இல்லை, எங்கோ வெளியே ஒரு கடையிலிருந்து.

"பார்த்தேன் பாப்பா. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நீ பேசியே அவருக்குப் புரியலை. அப்புறம் எதுக்கு இந்த ரூம்?"

பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்...

அவள் அப்படியே நின்றாள். முன்பு ஒவ்வொரு முறையும் அண்ணன் இதைத்தானே சொன்னார்? குரல் உடைந்த உடனே போன் வரும். 'பார்த்தேன்' என்பார். உடையாத நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை! அவள் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். நான்கு மூலை, நான்கு கேமரா. அண்ணன் செல்லைத் திறந்தால் நான்கு படமும் இந்த ஆபீஸிலிருந்து கிளம்பி வெளியே போக வேண்டும். எந்த வழியாக? குரல் போகிற அதே வழியாக! படம் கொழுத்தது, குரல் துண்டோ தம்மாத்துண்டு. குறுகின வாசலில் நான்கு பீரோவை ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால், நடுவில் மாட்டிய எலுமிச்சம்பழம் என்ன ஆகும்?

புகார் வருகிறது என்று அண்ணன் பார்க்கிறார். அண்ணன் பார்க்கிறார் என்று குரல் உடைகிறது. உடைகிறது என்று புகார் வருகிறது. கடவுளே!

மூன்றாவது மாடிக்கு ஓடினாள். அவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் யாருக்கோ எதையோ ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கண்கள் விரிந்தன... உடனே சுருங்கின.

"அன்னைக்கு உங்க அண்ணன் கேட்டப்ப, நீங்க ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலை. தப்புதான். திட்டறதா இருந்தா அப்புறம் உட்கார்ந்து நிதானமா திட்டுங்க. இப்ப வாங்க!"

வந்தான். அண்ணனும் வரவழைக்கப்பட்டார், உர்ரென்று. சுருட்டை பஸ் டிரைவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள், ஒலிபெருக்கியில்.

"அண்ணா, உன் செல்லுல ஆபீஸ் நெட்டை நிறுத்திட்டு, வெளியில இருக்கற மாதிரி கேமராவைத் திற."

திறந்தார். "என்னம்மா... ம்... கே... வே..." என்று, சுருட்டை சொன்னது காதில் விழுந்த மாதிரியே திருப்பிச் சொன்னார் டிரைவர். மடிக்கணினித் திரை சிவந்தது.

"மூடு."

மூடினார். "ஆங்! இப்ப கேக்குது! சுத்தமா கேக்குது!" என்று டிரைவர் அறையே அதிரக் கத்தினார்.

"திற."

அண்ணன் திறக்கவில்லை. கையிலிருந்த செல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பிடிபட்டவர் போல இருந்தது அவர் முகம்.

"இத்தனை நாளா... நானா?"

"நீதான் அண்ணா. உள்ள வந்து உட்கார்ந்து கேட்டிருந்தா கெட்டிருக்காது."

"சரி பண்ணிடலாம் சார்" என்றான் அவன். "குரல் துண்டு வந்தா மத்ததெல்லாம் ஒதுங்கி நிக்கணும்னு சொல்லி வெச்சுட்டா போதும். ஆம்புலன்ஸுக்கு வழி விடற மாதிரி. பத்து நிமிஷ வேலை."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு பெண்களையும் பார்த்தார். "எடுத்து வெச்சதையெல்லாம் மறுபடி மேசையில வைங்கம்மா. ரூம் இங்கதான் இருக்கும்." அப்புறம் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பாப் பேசிட்டேன். உங்க அலாரம் நிஜம்தான்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அவன் விட்டால்தானே!

"முழுசா இல்லை சார்" என்றான், ஏணியை இழுத்துக்கொண்டே. "இது போற வழிக்கான காரணம். வர்ற வழியில ஒரு பழுது இருக்கு. அன்னைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மேடம் கேட்டாங்க. அதை நான் இன்னும் கண்டுபிடிக்கலை. இந்தத் தளத்து கேபிள் மொத்தத்தையும் உருவிப் பார்க்காம விடமாட்டேன். மூணு நாள் ஆகும். போன் ஓடாது."

"மூணு நாளா?" என்றார் அண்ணன்.

"ஏணியில ஏறாதீங்க" என்றாள் அவள்.

"இல்லைங்க, கண்டிப்பா ஏதோ..."

"ஏறாதீங்கன்னா ஏறாதீங்க! பழுதே இல்லை! அன்னைக்கு எல்லா வார்த்தையும் சுத்தமா கேட்டுச்சு. கண், மண், விண் எல்லாம் கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன்!"

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒலிபெருக்கியில் டிரைவர் மட்டும், "என்ன பொய்? யார் சொன்னது?" என்றார். சுருட்டை அவசரமாகப் பொத்தானை அமுக்கினாள்.

"எதுக்குங்க?" என்றான் அவன்.

"எதுக்கா? நீங்க போனை வெச்சுடுவீங்களேன்னுதான்! கூப்பிடும்போதெல்லாம் வெச்சுடறேன் வெச்சுடறேன்னு... இன்னும் கொஞ்சம் பேசுவீங்கன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா டொக்னு வெச்சுட்டு வந்து மேசைக்கு அடியில படுத்துக்கிட்டீங்க!"

சொல்லிவிட்டாள். காது மடல் வரை சுட்டது. அவன் ஏணியைப் பிடித்தபடியே நின்றான். கணக்குப் போடும் அந்தக் கண்கள் எங்கோ பார்த்தன. மெல்ல முகம் மலர்ந்தது.

"அப்படின்னா... என் கருவி தப்பாச் சொல்லலை!"

"கடவுளே... இப்ப அதுதான் முக்கியமா?"

"முக்கியம்தாங்க." அவன் குரல் இறங்கியது. "ஏன்னா... அன்னைக்குக் கருவி ஒண்ணுமே சொல்லலை. வெள்ளிக்கிழமை அலாரமே வரலைங்க."

அவள் நிமிர்ந்தாள். "வரலையா? அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவன் அண்ணனைப் பார்த்தான், சுருட்டையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான்.

"மழை பெஞ்சுது. முதல் நாள் நீங்க விழுந்தது ஞாபகம் வந்துச்சு. உங்க குரலைக் கேட்கணும் போல இருந்துச்சு. காரணம் இல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியலைங்க. அதான் அலாரம்னு சொன்னேன். நீங்க உடையுதுன்னு சொன்னதும் பயந்துட்டேன். என் ஆசையில நான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போலன்னு..." ஏணியிலிருந்து கையை எடுத்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏணியில நின்னு யோசிச்சதெல்லாம் அதைத்தான். கேபிளைப் பத்தி இல்லை."

"இதைச் சொல்றதுக்கு என் கூரையைப் பிரிச்சிருக்கான்!" என்றார் அண்ணன்.

"அண்ணா, நீ சும்மா இரு."

"நான் சும்மா இருக்கேன். ரெண்டு பேரும் பொய் சொல்லுவீங்க, நான் சும்மா இருக்கணும்."

அவள் அவனருகே போனாள். ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்து, தூறல் நின்றிருந்தது. அவன் தலைமுடியில் வழக்கம் போல ஒட்டடை. அவள் கையை நீட்டி அதை எடுத்துவிட்டாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "எரிச்சல் எரிச்சலா வர்ற அளவுக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் சிரித்தான். அந்தக் கண்களில் எந்தக் கணக்கும் இல்லை.

அண்ணன் எழுந்தார். செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி நின்றார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. பேச வேண்டியதை நேர்ல உட்கார்ந்து பேசுவோம்... போன்ல வேண்டாம்."